சொல் நழுவும் நோய்: பயிற்சி எந்த மொழியில்?

பேச்சு போனால் நம் ஊரில் இரண்டே காரணம். ஒன்று பக்கவாதம், இன்னொன்று வயசு. பக்கவாதம் என்றால் ஆம்புலன்ஸ், ஸ்கேன், அப்புறம் யாராவது சொன்னால் ஸ்பீச் தெரபி. வயசு என்றால் ஒன்றுமே இல்லை. ‘அப்பாவுக்கு இப்பல்லாம் பேர் வர்றதில்ல’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதில் மொழி மட்டும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டே வரும். ஆள் வழி தவறாமல் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வார். நேற்று யார் வந்தார்கள் என்பதும் நினைவிருக்கும். சொல்லத்தான் வராது. சிலருக்குச் சொல் காதில் விழும், பொருள் தெரியாது. பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தொடங்குவதால், பலர் அப்போதும் வேலையில் இருப்பார்கள். மன அழுத்தம் என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டே முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடுவதும் உண்டு.

துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் 1982-இல் இப்படிப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார். 1987-இல் அவரே இதற்கு ‘பிரைமரி புரோக்ரசிவ் அஃபேஸியா’ என்று பெயர் வைத்தார். இந்தக் கட்டுரையில் ‘படிப்படியான மொழியிழப்பு’ என்றே எழுதுகிறேன். அவருக்கு 90 ஆண்டுகள் முன்பே, 1892-இல், ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் மூளையின் ஒரு பகுதி சுருங்கச் சுருங்க மொழி போன ஒரு நோயாளியை விவரித்திருந்தார். அவர் இருந்த ஊர் பிராக். செக் மொழியும் ஜெர்மனும் தெருவுக்குத் தெரு கலந்து புழங்கிய நகரம் அது. இந்த நோய் மருத்துவ ஏட்டில் ஏறிய ஊரே இருமொழி ஊர்தான். ஆனாலும் அதற்குப் பின் வந்த சோதனைகளும் பயிற்சிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் ஒன்றே பேசுகிறவர்களை மனதில் வைத்து உருவானவை.

2011-இல் மரியா லூயிசா கோர்னோ டெம்பினி தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் பேச்சு திக்கித் திணறி வரும், இலக்கணம் உடையும், வாய் சொன்னபடி கேட்காது. இரண்டாவதில் பேச்சு சரளமாக இருக்கும், பொருள்தான் கரையும். ‘முருங்கைக்காய் எடுத்துட்டு வா’ என்றால் ‘முருங்கைக்காய்னா என்ன?’ என்று கேட்பார், அதுவும் நாற்பது வருஷம் சமைத்தவர். மூன்றாவதில் பொருள் தெரியும், இலக்கணமும் ஓரளவு நிற்கும். சொல் தொண்டையில் நின்றுவிடும், நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது. இந்த மூன்றாம் வகைக்குப் பின்னால் பெரும்பாலும் அல்சைமர் இருக்கும். மற்ற இரண்டும் ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா குடும்பத்தைச் சேர்ந்தவை. நடிகர் புரூஸ் வில்லிஸின் குடும்பம் 2022-இல் அவருக்கு அஃபேஸியா என்றும், 2023-இல் ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்றும் அறிவித்தபோதுதான் உலகத்தின் பெரும்பகுதி இந்தச் சொற்களை முதன்முதலாகக் கேட்டது.

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. இருப்பது பேச்சு-மொழிப் பயிற்சி. இங்கேதான் நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு கை உதறல் நடக்கிறது: ‘எப்படியும் போகப்போகிற மொழிக்குப் பயிற்சி எதற்கு?’ சிறுநீரகம் தேய்கிறது என்றால் டயாலிசிஸ் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மொழிக்கு மட்டும் கேட்கிறோம்.

பயிற்சி என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஓரளவு தெளிவாகவே தெரிந்திருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மாயா ஹென்றியும் உடன் பணியாற்றுவோரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திக்கிப் பேசும் வகையைச் சேர்ந்த பத்துப் பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கையிலிருந்து சில சிறு பேச்சுகள் எழுதப்பட்டன: குடும்பத்தைப் பற்றி, செய்த வேலையைப் பற்றி, தன் நோயைப் பற்றிப் பிறரிடம் சொல்வதற்கு. ஒருவர் அதை மெதுவாகப் பேசும் வீடியோவில் வாயசைவைப் பார்த்துக்கொண்டே கூடவே பேச வேண்டும். வாரம் இரண்டு முறை பயிற்சியாளரோடு, மற்ற நாட்களில் வீட்டில் அரை மணி நேரம். பயின்ற பேச்சுகள் தெளிவாகவும் பிழை குறைந்தும் வந்தன. ஓராண்டு கழித்தும் நின்றன. பயிற்சி எடுக்காத பேச்சு பெரும்பாலும் அந்த அளவுக்கு மேம்படுவதில்லை. எதை எடுத்துப் பயில்கிறோமோ அதுதான் நிற்கும்.

எதை எடுப்பது என்பதுதான் அப்படியானால் முதல் கேள்வி. இரண்டு மூன்று மொழிகளில் வாழ்கிறவருக்கு அந்தக் கேள்வியிலேயே மொழியும் அடங்கிவிடுகிறது. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ஆபீஸில் ஆங்கிலம் என்று இருப்பவருக்கு எந்த மொழியின் எந்தச் சொல்?

எந்த மொழி முதலில் போகும், எது கடைசிவரை நிற்கும் என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயது. முதலில் கற்றது கடைசியில் போகும் என்பது பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் பெயரால் வழங்கும் விதி. இல்லை, அதிகம் புழங்கிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895-இல் ஆல்பர் பீத்ர் எழுதினார். பல மொழி பேசுகிறவர்கள் விஷயத்தில் இந்த இரண்டும் பெரும்பாலும் திடீர்ப் பாதிப்பையும் அதிலிருந்து மீள்வதையும் வைத்தே பேசப்பட்டன. படிப்படியான மொழியிழப்பில் மீட்சி இல்லை. பெரும்பாலும் எல்லா மொழிகளும் சேர்ந்தே தேய்கின்றன. முன்பே பலவீனமாக இருந்த, குறைவாகப் புழங்கிய மொழி முந்திக்கொள்வது உண்டு. இதோடு இன்னொரு தொல்லை: எந்த இடத்தில் எந்த மொழி என்ற கட்டுப்பாடே தளர்ந்துவிடும். ஆங்கிலம் தெரியாத மாமியாரிடம் மருமகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் வீட்டில் அது திமிர். நோயின் அறிகுறி என்று யாருக்கும் தோன்றாது.

இந்த இடத்தில் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை: ‘ஒரே மொழியில் பேசுங்க, குழப்பாதீங்க.’ குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் சொல்லிச் சொல்லிப் பழகிய வாசகம் இது. குழந்தைகள் விஷயத்திலேயே இதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. மூளை தேய்கிற ஒருவருக்கு இது இன்னும் மோசமான யோசனை. ஒரே மொழி என்று முடிவு கட்டினால் பெரும்பாலும் வெல்வது பயிற்சியாளருக்குத் தெரிந்த மொழி, அல்லது கைவசம் அட்டைகள் இருக்கிற மொழி. நோயாளி யாரோடு சோறு உண்கிறாரோ அவர்களின் மொழி தோற்றுவிடும்.

ஸ்டெஃபனி கிராசோ, மாயா ஹென்றி உள்ளிட்டோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். படிப்படியான மொழியிழப்பு உள்ள இருமொழியாளர்கள் பத்துப் பேருக்கு, ஒரு மொழிக்குப் பின் மற்றொன்று என இரண்டிலும் சொல்தேடும் பயிற்சி கொடுத்தார்கள். சொல் வராதபோது வெறுமனே யோசித்து நிற்காமல், அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்வது, அதோடு சேர்ந்த சொந்த நினைவு ஒன்றைச் சொல்வது, முதல் ஒலியைப் பிடிப்பது, எழுதிப் பார்ப்பது என்று தனக்குத் தானே வழி அமைத்துக்கொள்ளும் பயிற்சி அது. இரண்டு மொழிகளிலும் பயின்ற சொற்கள் மேம்பட்டன. ஒரு மொழியில் பெற்றது மற்ற மொழிக்குத் தாவுவது எல்லாருக்கும் நடக்கவில்லை; ஒலியில் ஒத்த சொற்களில் பெரும்பாலோருக்கு நடந்தது. பத்துப் பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இரண்டாவது மொழியைப் பயிற்சியிலிருந்து தள்ளிவைக்க இதில் ஒரு காரணமும் இல்லை.

ஒலியொத்த சொற்கள் என்றதும் நம் ஊர்ப் பேச்சை நினைத்துப் பாருங்கள். பஸ், டிக்கெட், பென்ஷன், பேங்க், டாக்டர், போன். தமிழும் ஆங்கிலமும் பேசுகிறவருக்கு இவை இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசல்கள். வீட்டில் தெலுங்கு பேசும் தமிழருக்குக் கண்–கன்னு, மூக்கு–முக்கு, பாம்பு–பாமு என்று இன்னொரு வரிசை. ஆகவே பயிற்சி அட்டையில் ‘மகிழுந்து’ என்று அச்சிட்டு, நோயாளி ‘காரு’ என்றதும் தவறு போட்டால் அது மொழிப்பற்றும் இல்லை, சிகிச்சையும் இல்லை. தூய தமிழில் எனக்கும் ஆசை உண்டு. ஸ்பீச் தெரபி அறை அதற்கான இடம் அல்ல. அந்த அறையில் எழுத்துத் தமிழே கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். ‘நான் ஓய்வூதியம் பெறுவதற்காக வந்துள்ளேன்’ என்று பயிற்சி கொடுத்தால் அவர் கவுன்டரில் போய் அதைச் சொல்லப்போவதில்லை. ‘பென்ஷன் விஷயமா வந்தேன். எனக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும். கொஞ்சம் பொறுங்க’ — இதுதான் அவருக்கு வேண்டும். மதுரைக்காரருக்கு மதுரைப் பேச்சில், யாழ்ப்பாணத்துக்காரருக்கு யாழ்ப்பாணப் பேச்சில்.

நோயைக் கண்டுபிடிக்கும் இடத்திலும் மொழி குறுக்கிடுகிறது. பொருள் கரையும் வகைக்கு ஆங்கில உலகத்தில் ஒரு புகழ்பெற்ற அடையாளம்: எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொற்களைத் தவறாகப் படிப்பது. ‘கர்னல்’ என்று சொல்ல வேண்டியதை எழுத்துக்கூட்டி ‘கொலோனெல்’ என்பார். தமிழில் எழுத்தைக் கூட்டினாலே படித்துவிடலாம், ஆகவே இந்தச் சோதனை இங்கே செல்லாது என்று எடுத்த எடுப்பில் தோன்றும். அப்படி முடிவு கட்டிவிட முடியாது. குடத்தின் ‘கு’வும் குணத்தின் ‘கு’வும் எழுத்தில் ஒன்று, நாக்கில் வேறு. பயிர், பயம் இரண்டும் அப்படியே. சொல்லைத் தெரிந்தவருக்குத்தான் எங்கே வல்லொலி, எங்கே மெல்லொலி என்று தெரியும். ஆங்கிலச் சோதனையைத் தமிழாக்குவதை விட்டுவிட்டு, தமிழின் உள்ளிருந்தே ஒரு வாசிப்புச் சோதனையை உருவாக்க இதில் வழி இருக்கிறது.

இலக்கணம் உடையும் வகையிலும் அப்படித்தான். ஒரே வகை நோய் உள்ள இத்தாலி மொழிப் பேச்சாளர்களையும் ஆங்கிலப் பேச்சாளர்களையும் ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வில், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஒலிப்பில் தடுமாற்றம் கூடுதலாகவும், இத்தாலி மொழி பேசுகிறவர்களுக்கு வாக்கிய அமைப்பில் எளிமை கூடுதலாகவும் தெரிந்தது. மெய்யெழுத்துகள் நெருங்கி வரும் மொழி வாயைத் திணறடிக்கிறது. விகுதிகள் மிகுந்த மொழி வேறு இடத்தில் இடறுகிறது. தமிழில் காலமும் ஆளும் மரியாதையும் வினையின் வாலில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வால் நழுவினால் ‘வாங்க’ என்பது ‘வா’ ஆகும். சம்பந்தியைப் பார்த்து ‘வா’ என்றவருக்கு என்ன நோய் என்று அந்த வீட்டில் யார் யோசிப்பார்கள்?

வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரின் நிலை இன்னும் சிக்கல். டொரன்டோவிலோ லண்டனிலோ மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. மகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார்கள். அம்மா ‘அது... அந்த... தண்ணி ஊத்துற இது’ என்கிறார். மகள் ஆங்கிலத்தில் ‘செம்பு என்கிறார்’ என்று சொல்லிவிடுகிறாள். அன்புதான். ஆனால் மருத்துவர் கேட்க வேண்டியது அந்தத் தயக்கத்தையும், ‘அது, இது’வையும், மாற்றிச் சொன்ன சொல்லையும்தான். அதெல்லாம் மகளின் ஆங்கிலத்தில் மறைந்துபோகிறது. அறிக்கையில் ‘பேச்சு இயல்பு’ என்று எழுதப்படும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இல்லாத இடத்தில் குடும்பத்தாரிடம் ‘திருத்தாமல், விட்ட இடம் விட்டபடி சொல்லுங்கள்’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ பல சமயம் அதைவிட உதவும். தமிழ்நாட்டுக்குள்ளேயும் இப்படி வீட்டு மொழி மறைந்துபோவது நடக்கிறது. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகள், கோவையில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள். எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்பதால் சோதனை தமிழில் நடக்கும். தேய்மானத்தை முதலில் காட்டியது தமிழா, வீட்டு மொழியா என்று கேட்கும் ஆள் குறைவு.

இந்தியா இந்தத் துறையில் வெறுங்கையோடு இல்லை. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் சக ஆய்வாளர்களும் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தள்ளியே தொடங்குவதாகச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது தெரிந்தது. ‘இன்னொரு மொழி கற்றால் மறதி வராது’ என்று அது வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. தள்ளிப்போவதும் வராமலிருப்பதும் ஒன்றல்ல. அதே குழு 2017-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வை யாரும் ஃபார்வர்டு செய்ததாகத் தெரியவில்லை. ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியாவில் நடத்தை மாறும் வகை இருமொழியாளருக்குத் தள்ளிப்போகிறது. மொழி போகும் வகைகளில் அப்படி ஒரு தள்ளுபடி காணப்படவில்லை. பல மொழி தெரிந்தவர் என்பதால் இந்த நோயில் சலுகை கிடைப்பதில்லை. இழப்பதற்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏ.சி.இ. மூன்று என்ற அறிதிறன் சோதனை தமிழ் உட்பட ஏழு மொழி வடிவங்களில் இந்தியாவுக்கென மாற்றியமைக்கப்பட்டிருப்பது நல்ல செய்தி. ஆனால் அது சல்லடை. யாரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று காட்டும். எந்த மொழியில் எந்தப் பகுதி உடைந்தது என்று சொல்லாது. அதற்கு மொழியைத் துருவிப் பார்க்கும் சோதனையும், அதைச் செய்யக்கூடிய ஆளும் வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று தேசிய அளவிலான ஆய்வு ஒன்று 2023-இல் கணக்கிட்டது. படிப்படியான மொழியிழப்பு அதில் சிறு பங்கு. ஆனால் சாதாரண அல்சைமரிலும் சொல் தடுமாறும். அவர்களுக்கும் இதே ஆள், இதே பயிற்சி உதவும். நம் ஊர் ஸ்பீச் தெரபி மையங்களின் பெயர்ப்பலகைகளில் குழந்தை படம்தான் இருக்கும். காது கேளாமை, ஆட்டிசம், திக்குவாய். அதற்கே ஆள் போதவில்லை என்பது உண்மை. பெரியவர்கள் வந்தால் பக்கவாதத்துக்குப் பின் வருகிறார்கள். மெல்லத் தேய்கிறவரை அனுப்பிவைக்க நரம்பியல் மருத்துவருக்கே தோன்றுவதில்லை.

சட்டம் கைகொடுக்கும் நிலையில்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் டிமென்ஷியா என்று தனியாக இல்லை. ஆனால் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற தலைப்பில் அஃபேஸியா பெயர் சொல்லியே இருக்கிறது. நரம்பியல் காரணத்தால் வந்தது என்றால் போதும். பக்கவாதத்தால்தான் வந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. படிப்படியான மொழியிழப்பு உள்ளவர் இந்த வாசலில் போய் நிற்கலாம். சான்றிதழ் தரும் மருத்துவக் குழுக்களுக்கு இதை எழுத்தில் தெளிவுபடுத்துவது அரசின் ஒரு சுற்றறிக்கை வேலை. கூடவே, இது கூடிக்கொண்டே போகும் குறைபாடு என்பதால் சான்றிதழில் உள்ள குறைபாட்டுச் சதவீதத்தை மறுமதிப்பீடு செய்ய எளிய வழியும், நோயாளி எந்த மொழியில் வாழ்கிறாரோ அந்த மொழியில் மதிப்பீடும் வேண்டும். ஆங்கிலத்தில் ஓரளவு பேசிவிட்டார் என்பதற்காகச் சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதத்துக்குக் கீழே தள்ளிவிடக் கூடாது.

பயிற்சி தொடங்க வேண்டிய நேரம் நோய் தெரிந்த உடனேயே. பேச்சு முழுக்கப் போன பிறகு அல்ல. இப்போதே பேரன் பேத்தி பெயர்களை, கடைத்தெருச் சொற்களை, ‘வலிக்குது’, ‘வேண்டாம்’, ‘சாப்பிட்டாச்சு’ போன்ற அவசரச் சொற்களை அவர் வாழும் எல்லா மொழிகளிலும் எடுத்துப் பயில வேண்டும். அவர் குரலிலேயே அவற்றைப் போனில் பதிந்து வைக்கலாம். பின்னால் பேச்சு நின்றுபோனால் கைகொடுக்கப் படப்புத்தகம் ஒன்றை இப்போதே அவரும் சேர்ந்து தயாரிக்கலாம். எது முக்கியம் என்று அவரால் சொல்ல முடிகிற காலம் இதுதான். பேச்சு போன பிறகும் பயிற்சியாளரின் வேலை முடியாது. நோய் முற்றும்போது பலருக்கு விழுங்குவது சிக்கலாகும். புரையேறாமல் எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுப்பதும் இதே ஆள்தான். குடும்பத்துக்கும் பாடம் உண்டு: குறுக்கிட்டுச் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பது, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்பது, ‘இது என்ன சொல்லுங்க பார்ப்போம்’ என்று விருந்தாளி முன்னால் பரீட்சை வைக்காமல் இருப்பது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். அந்த வண்டியில் பேச்சுப் பயிற்சியாளருக்கும் ஓர் இருக்கை வேண்டும். எல்லா மொழியும் ஒருவருக்குத் தெரியாதுதான். ஆனால் வீடியோ அழைப்பு வழியாகத் தரும் பயிற்சியை இந்த நோயில் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டார்கள். உருது தெரிந்தவர் வேலூரில் இருந்தபடி ஆம்பூர் வீட்டைப் பார்க்கலாம், கன்னடம் தெரிந்தவர் ஓசூரிலிருந்து கோவையைப் பார்க்கலாம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்வியை வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சேர்த்தாலே யாரை யாரோடு இணைப்பது என்று தெரிந்துவிடும். மாவட்டத்துக்கு ஒருவர் என்று தொடங்கினால் 38 பேர்.